‘நோஃபெயில்’ என்றால் தவறாது என்றா பொருள்?

லினக்ஸ் கணினியைத் திறந்ததுமே பள்ளிச் சர்வரின் கோப்புறையும் தானாக இணைய வேண்டும் என்று தேடினால், பெரும்பாலான வழிகாட்டிகள் ஒரே விடையைத்தான் தருகின்றன. எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுது. சர்வர் முகவரி, உள்ளூர்க் கோப்புறை, பயனர் பெயர், கடவுச்சொல், கடைசியில் ‘நோஃபெயில்’. அவ்வளவுதான்! எழுதியதும் வேலை செய்யும். அதனாலேயே யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

அந்த வரியைக் கேமரன் மலைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஹபு, சுங்கை பாலாஸ், புளூவேலி என்று தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய ஒரு சிறு தமிழ்ப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாலை இடியில் மின்சாரம் போய், சற்று நேரத்தில் திரும்ப வருகிறது. ஆசிரியர் அறைக் கணினி அரை நிமிடத்தில் எழுந்துவிடும். அலுவலகத்துப் பழைய சர்வரும் ரவுட்டரும் எழ இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கணினி கூப்பிடும்போது சர்வர் இன்னும் தூக்கத்தில் இருக்கும்.

எஃப்எஸ்டேப் வரியைப் படித்து இணைப்பது இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலும் சிஸ்டம்டி. அது தோட்டத்துக் காலைப் பெரட்டு மாதிரி ஒரே ஒரு தடவைதான் பெயர் கூப்பிடும். அப்போது இல்லாதவர் இல்லாதவர்தான். நோஃபெயில் சேர்த்தால் அந்தப் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் கணினி திறந்துகொள்ளும். தோல்வியை அது தடுப்பதில்லை, தோல்வி நம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறது. பெயரே தப்பான நம்பிக்கையைத் தருகிறது.

இதோடு நின்றால் பரவாயில்லை. ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் உள்ளூர்க் கோப்புறைக்கு 777 அனுமதி கொடு என்றும் சில வழிகாட்டிகள் சொல்கின்றன. என் கணக்கில் உண்மையான ஆபத்து இதுதான். மவுண்ட் என்பது ஒரு காலிக் கோப்புறையின் மேல் வேறோர் இடத்தின் கோப்புகளைப் போர்த்துவது (கணினி அறிவியல் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்). போர்வை விழாத நாளில் ஆசிரியர் அரையாண்டு வினாத்தாளை அந்தக் காலிக் கோப்புறையிலேயே சேமிக்கிறார். 777 இருப்பதால் கணினி மறுக்காது. மறுநாள் போர்வை சரியாக விழுகிறது, வினாத்தாளைக் காணோம். அழியவில்லை, அடியில் கிடக்கிறது. ஆனால் அது யாருக்குத் தெரியும்? சர்வரை மட்டும் காப்புப்படி எடுப்பவருக்கும் அது சிக்காது.

மாற்று வழி அதே வரிக்குள்ளேயே இருக்கிறது. ‘எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்’ என்று சேர்த்தால், கணினி திறக்கும்போது இணைக்காமல், யாராவது கோப்புறையைத் தொடும்போது இணைக்கும். அதற்குள் சர்வர் எழுந்திருக்கும். எழவில்லை என்றால் பிழைச்செய்தி வரும், காலிக் கோப்புறை வாய் திறந்து காத்திருக்காது. உள்ளூர்க் கோப்புறை ரூட்டின் பெயரிலேயே, பிறர் எழுத முடியாதபடி இருக்கட்டும். ஆசிரியருக்கு எழுதும் உரிமையை அந்த வரியில் ‘யூஐடி’ மூலம் கொடுக்கலாம். இத்தனை எளிய திருத்தம் ஏன் பெரும்பாலான வழிகாட்டிகளில் இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

கடவுச்சொல் விஷயமும் சாதாரணமல்ல. எஃப்எஸ்டேப் கோப்பை அந்தக் கணினியில் நுழைகிற எவரும் படிக்கலாம், மாணவர் கணக்கு உட்பட. விடைத்தாள் இருக்கும் சர்வரின் சாவியை வாசலில் தொங்கவிட்ட மாதிரி. ‘கிரெடென்ஷியல்ஸ்’ என்ற தேர்வைப் பயன்படுத்தித் தனிக் கோப்பில் எழுதி, 600 அனுமதி கொடுங்கள். ‘வெர்ஸ்=1.0’ என்று எழுதியிருந்தால் நீக்கிவிடுங்கள். அந்தப் பழைய எஸ்எம்பி நெறிமுறையின் ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வன்னாக்ரை உலகமெங்கும் விண்டோஸ் கணினிகளில் பரவியது. அதே ஆண்டில் லினக்ஸ் கருவும் 4.13-ஆம் பதிப்பில் அதை இயல்புநிலையிலிருந்து எடுத்துவிட்டது.

எந்த வழிகாட்டியைப் பின்பற்றினாலும், சர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டுக் கணினியை மறுபடி திறந்து, அந்தக் கோப்புறையில் ஒரு கோப்பைச் சேமித்துப் பாருங்கள். சேமித்துக்கொண்டால் அந்த வரி தவறு.