நிலைக்கும் நிலைக்கும் நடுவே

சிதம்பரம் நடராசர் கோயிலின் கிழக்குக் கோபுர வாசலில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் சன்னிதியை நோக்கி நேரே நடந்துவிடுகிறார்கள். வாசலின் இரு பக்கச் சுவர்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிறு சதுரங்களில் ஆடும் பெண் உருவங்கள் இருக்கின்றன. நாட்டிய சாஸ்திரத்தின் நான்காம் அத்தியாயம் சொல்லும் 108 கரணங்கள் அவை. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் உருவத்தோடு அதற்குரிய சுலோகத்தையும் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்களோடு உளி நின்றுவிட்டது. மிச்சக் கற்கள் வெறுமையாக இருக்கின்றன. கரணம் என்றால் என்ன என்று ஆராய வந்தவர்கள் எல்லாரும் சிதம்பரத்துக்கு வந்தே தீர வேண்டியிருந்தது.

1936-இல் நாராயணஸ்வாமி நாயுடுவும் மற்ற இருவரும் கொண்டுவந்த ‘தாண்டவ லக்ஷணம்’ நூல் இந்தச் சிற்பங்களின் படங்களைச் சுலோகங்களுக்குத் துணையாக வைத்தது. கல்லில் இருப்பது அசையாத உருவம் என்பதால், கரணம் என்பதே ஒரு நிலை, ஒரு ‘போஸ்’ என்ற எண்ணம் பரவலாக ஊன்றிவிட்டது. அதை எதிர்த்து வாதாடியவர் பத்மா சுப்ரமணியம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்த அவர், கரணம் என்பது நிற்றலும் கால் நகர்வும் கை வீச்சும் சேர்ந்த ஒரு முழு அசைவு என்றும், சிற்பி அதில் ஒரு கணத்தை மட்டுமே பிடித்திருக்கிறார் என்றும் நிறுவினார். பின்னர் மகாராஷ்டிரத்தின் சதாராவில் எழுந்த நடராசர் கோயிலுக்குக் கரணச் சிற்பங்களை வடிவமைத்தபோது, ஒரே கரணத்தின் வெவ்வேறு கணங்களைச் சிவனிடமும் பார்வதியிடமும் பிரித்துக் காட்டினார்.

வீடியோ கேம் உருவாக்குகிறவர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக முட்டிமோதிக் கற்றுக்கொண்டதும் இதையேதான். திரையில் ஓடும் நாயகனின் நிலைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி சரியில்லை என்றால் விளையாடுகிறவருக்கு நிறைவு வராது.

இந்தத் துறையில் முதலில் சொல்ல வேண்டியது ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. ஜோர்டன் மெக்னர் 1985-இல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை போட்டு, ஓடவும் தாவவும் தொங்கவும் விட்டு வீடியோ எடுத்தார். அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தடமெடுத்து 1989-இல் வெளிவந்த கேமில், அதற்குமுன் யாரும் பார்த்திராத மனித உடல் தெரிந்தது. ஓடுகிறவன் சட்டென்று நிற்க முடியாமல் சறுக்கி நின்றான். விளிம்பைப் பிடித்தவன் உடம்பை இழுத்து ஏற்றினான். ஆனால் அந்த உடலுக்குக் கனம் இருந்ததால், பொத்தானை அழுத்திய பிறகு அது கிளம்பச் சிறிது நேரம் எடுத்தது. உண்மைபோல் அசைய வேண்டுமா, சொன்னவுடன் அசைய வேண்டுமா என்ற இழுபறி அங்கே தொடங்கியது, இன்னும் தீரவில்லை. 2018-இல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ அசைவின் அழகுக்காகக் கொண்டாடப்பட்டபோதே, ஆள் திரும்பவே நேரமாகிறது என்ற முறையீடும் எழுந்தது.

மறுகரையில் நிற்பது மரியோ. தொண்ணூறுகளில் கடலூர், சிதம்பரம் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் ‘டிவி கேம்’ மஞ்சள் கேசட்டில் ஆடிய அதே ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 1985-இல் வெளியானது. பொத்தானைத் தொட்டு விட்டால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் உயரத் தாவல். மேலே போகும்போது ஈர்ப்பு விசை குறைவு, இறங்கும்போது அதிகம். எந்த இயற்பியல் பாடத்திலும் இல்லாத இந்த ஈர்ப்புதான், தாவியது நான்தான் என்ற உணர்வைக் கட்டைவிரலுக்குத் தந்தது. 1996-இல் ‘மரியோ 64’ செய்தபோது ஷிகேரு மியாமோட்டோவின் குழு, கட்டங்களை அமைப்பதற்கு முன் மரியோவை ஒரு முயலைத் துரத்த விட்டே அவன் ஓட்டத்தைச் செப்பம் செய்தது. அந்த முயல் விளையாட்டிலும் இடம்பிடித்தது.

இதற்கெல்லாம் ஒரு கோட்பாடு தந்தவர் ஸ்டீவ் ஸ்விங்க். 2008-இல் வந்த ‘கேம் ஃபீல்’ நூலில், உடனுக்குடன் பதிலளிக்கும் கட்டுப்பாடு, அசைவுக்கு எதிர்வினை தரும் வெளி, ஒலியும் தூசியும் போன்ற மெருகு ஆகிய மூன்றும் கூடும் இடத்தில்தான் நிறைவு பிறக்கிறது என்றார். நல்ல அடித்தளம் அது. ஆனால் நடைமுறையில் இன்னும் ஆழமாகக் கற்றுத்தருவது ‘செலஸ்ட்’ (2018). நாயகியின் அசைவை இயக்கும் நிரலையே அதன் ஆசிரியர்கள் பொதுவில் வைத்துவிட்டார்கள். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் வெறும் காற்றில் இருக்கும்போதும் 0.1 நொடி வரை தாவலாம். தலை ஒரு மூலையில் லேசாக இடித்தால், நிரல் அவளைச் சில புள்ளிகள் பக்கவாட்டில் தள்ளி மேலே அனுப்பிவிடும். ஆடுகிறவருக்கு இவை எதுவும் கண்ணில் படாது. தான் கெட்டிக்காரி என்று மட்டும் தோன்றும். பாட்டின் நெளிவுக்கேற்ப நட்டுவனார் தட்டுக்கழியைக் கொஞ்சம் பிடித்து விடுவது போன்ற பரிவு இது.

கரணத்தோடு நேராக ஒப்பிடத்தக்கது சண்டை கேம்கள்தான். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ (1991) வகையில் ஒவ்வோர் அடிக்கும் தொடக்கம், தாக்கும் நேரம், மீளும் நேரம் என்று மூன்று பகுதிகள் உண்டு. ஆட்டக்காரர்கள் அவற்றை பிரேம் கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். ஓர் அடி முடியுமுன் அடுத்ததைக் கோத்தால் ‘காம்போ’. நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் ஆறு முதல் ஒன்பது கரணங்களைக் கோத்து அங்கஹாரம் என்கிறார், அப்படி 32. எந்தக் கரணத்தின் முடிவு எந்தக் கரணத்தின் தொடக்கமாகப் பொருந்தும் என்று அறியாமல் அப்படிக் கோக்க முடியாது. கோபுரத்தில் புஜங்கத்ராசிதக் கரணத்தைப் பாருங்கள்: பாம்பைக் கண்டு திடுக்கிட்டவரின் கால் வெடுக்கென்று மடங்கி எழுகிறது. அந்தக் காலின் உயரத்தைவிட, கனம் முழுவதும் மற்றக் காலுக்கு மாறிவிட்ட வேகமே அங்கே செய்தி.

‘ஓவர்குரோத்’ கேமைச் செய்த டேவிட் ரோசன் 2014-இல் ஒரு மாநாட்டில் காட்டியது இதற்கு வெகு அருகில் வருகிறது. மிகச் சில நிலைகளை மட்டும் வரைந்துவிட்டு, நடுவிலுள்ளதைக் கணக்கால் நிரப்பினார். கால் எட்டின் நீளத்தைக் கடந்த தூரத்தோடு பிணைக்க, நிலம் அளக்கும் சக்கரம்போல் ஒரு சக்கரத்தை உருவத்தின் அடியில் உருட்டினார். பாதம் தரையில் வழுக்குவது அதோடு நின்றது. சிற்பி விட்டுச்சென்ற இடைவெளியை ஆடுகிறவரின் உடல் நிரப்ப வேண்டும் என்ற பத்மாவின் வாதத்தை நான் இங்கே இன்னொரு மொழியில் கேட்கிறேன்.

தரையும் அசைவில் பாதி. கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கபடி ஆடியவர்களுக்கு, மணல் ஒவ்வொரு எட்டிலும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்று தெரியும். 2012-இல் வந்த ‘ஜர்னி’ அந்த அறிவை வைத்தே கட்டப்பட்டது: மேட்டில் ஏறும்போது கால் புதைகிறது, இறக்கத்தில் உடல் வழுக்கிப் பறக்கிறது. வசனமே இல்லாத கேம்; சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் மணலே சொல்கிறது.

இன்று இந்த ஊர்களில் ஆடப்படுவது பெரும்பாலும் செல்போனில்தான். பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டு, 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. கண்ணாடிமேல் கட்டைவிரலுக்கு விளிம்பும் இல்லை, நடுவும் இல்லை. அதனால்தான் பல கேம்களில் ‘ஜாய்ஸ்டிக்’ விரல் வைத்த இடத்திலேயே முளைக்கிறது. ‘லேக் அடிக்குதுடா’ என்று ஒரு பையன் அலுத்துக்கொள்ளும்போது அதைச் சாக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 60 பிரேம் ஓடும் திரையில் ஒரு பிரேமின் ஆயுள் சுமார் 17 மில்லிநொடி. அதில் நாலைந்து தவறினாலே அவன் கை அறிந்துவிடுகிறது. சலங்கை ஒலி தட்டோடு சேரவில்லை என்று சபையில் உட்கார்ந்தே கண்டுபிடிக்கும் காதுக்கு நாம் தரும் மதிப்பை அந்தக் கைக்கும் தர வேண்டும்.

இந்தியக் கேம்களில் அசைவை மையமாக வைத்த துணிச்சலான முயற்சி, புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-இல் வெளியிட்ட ‘ராஜி’. வித்தைக்காரச் சிறுமி சுவரில் ஓடுகிறாள், தூணைப் பற்றிச் சுழல்கிறாள். சூழலின் அழகில் குறையே இல்லை. ஆனால் அவள் உடல் பெரும்பாலும் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ வழி வந்த உடல்தான் என்பது என் கணிப்பு. நம் சிற்பங்கள் அவளுக்குப் பின்னணியாக நிற்கின்றன, கால்களுக்குள் இறங்கவில்லை. டொரொன்டோவின் விசை கேம்ஸ் செய்த ‘வெண்பா’வில் (2023) நடையே கிடையாது, ஒரு தமிழ்த் தாயின் சமையலில் கை செய்யும் வேலைதான் ஆட்டம். அதன் எல்லைக்குள் அது தேர்ந்த அசைவு.

செய்ய வேண்டிய வேலை கண்முன்னே இருக்கிறது. 1981 முதல் சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலிக்கு நாடெங்கிலுமிருந்து ஆடுகிறவர்கள் வருகிறார்கள். கரணம் பயின்ற சிலரை உணரிகள் பொருத்திய உடையில் ஆடவைத்து, 108-ஐயும் அசைவாகவே பதிவுசெய்யலாம். அரைமண்டியிலிருந்து எழும்போது கனம் எந்தக் காலுக்கு எப்போது மாறுகிறது, கை வீச்சு காலை முந்துகிறதா பிந்துகிறதா, எந்தக் கணத்தில் உடல் இன்னொரு கரணத்துக்குத் திரும்ப இடம் தருகிறது என்பவையே கேம் செய்கிறவருக்கு வேண்டிய தரவு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறையும் கணினித்துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.