கார்பெட் போட்ட கணக்கு

நார்த்தாமலையில் புலி கிடையாது, பாறையும் சுனையும்தான். ஆயினும் இவ்வூர் மாணவர் சிலர் ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' நூலைப் படித்துவிட்டு, "புலி எவ்வளவு கொடிய விலங்கு, சார்!" என்றார்கள். அன்பர்களே, நீங்களும் அப்படித்தான் படித்தீர்களா?

சம்பாவத் பெண்புலியின் கதையைப் பாருங்கள். 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் அதனை 1907இல் சுட்ட கார்பெட், அதன் வாயைப் பரிசோதித்தார். வலப்புறக் கோரைப் பற்களுள் மேற்பல் பாதியாகவும் கீழ்ப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. பழைய குண்டுக் காயம்! இயல்பான இரையை வேட்டையாட முடியாமற் போனது அதனால்தான் என்கிறார். விளைவைக் கண்டு காரணத்தைத் தேடும் இம்முறையைத்தானே நாம் ஆய்வுக்கூடத்தில் கற்கிறோம்?

ஆனால், ஆட்கொல்லிகளில் பத்துக்கு ஒன்பது காயத்தாலும் ஒன்று முதுமையாலும் உருவாகின்றன என்ற அவர் கணக்கு எனக்குப் போதவில்லை. அதில் காட்டின் பரப்புக்கும் மான்களின் தொகைக்கும் இடமில்லை. 1944இல் வெளிவந்த நூலில் இது பெருங்குற்றமன்று. 1973இல், அவர் பெயர் தாங்கிய பூங்காவில் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டம், தனிப்புலியை விட்டுக் காட்டையே அலகாகக் கொண்டது. தமிழ்நாட்டில் 2022இல் மதிப்பிடப்பட்ட 306 புலிகளும் அக்கணக்கில் வருபவையே. முதுமலைக் காட்டு நீர் மோயாறாகிப் பவானியில் கலந்து காவிரியை அடைகிறது. திருச்சிப் பாலத்தில் நின்று நாம் பார்ப்பது அதையும்தான்.