டியூக்கின் வங்கியும் புதுக்கோட்டை பட்டாவும்: ஒரு ஜாவா பாடநூலை முன்வைத்து

சர்வர் பக்க நிரலாக்கம் படிக்க ஆசைப்படுகிற யாருக்கும் ஒரு காலத்தில் முதலில் காட்டப்பட்ட நூல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் 'ஜே2ஈஈ டுட்டோரியல்'. அச்சில் அடிசன்-வெஸ்லி வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. 2002-ல் வந்த பதிப்பு, 2006-ல் வந்த 'ஜாவா ஈஈ 5' பதிப்பு இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் குறிப்பை எழுதுகிறேன். பழைய நூலைப் பற்றி இப்போது எதற்கு என்று கேட்கலாம். அதன் குணமும் குறையும் இன்றைய ஸ்பிரிங் பூட் வீடியோக்கள் வரை தொடர்கின்றன, அதனால்தான்.

நூலின் முதல் உதாரணம் ஒரு நாணய மாற்றி. டாலரைக் கொடுத்தால் யென் ஆக்கும், யென்னை யூரோ ஆக்கும். அதாவது ஒரு பெருக்கல். பழைய பதிப்பில் இந்தப் பெருக்கலுக்கு மூன்று ஜாவா கோப்புகள் வேண்டும்: ரிமோட் இன்டர்ஃபேஸ், ஹோம் இன்டர்ஃபேஸ், பீன் கிளாஸ். பீன் கிளாஸுக்குள் ஒன்றுமே செய்யாத காலி மெத்தடுகள் வரிசையாக நிற்கும். பிறகு 'டிப்ளாய்டூல்' என்ற கருவியைத் திறந்து, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டி, சர்வரில் ஏற்ற வேண்டும். கிளையன்ட் அந்த பீனைப் பெயர் சொல்லித் தேடிப் பிடிக்க வேண்டும். கடைசியில் திரையில் ஒரு எண் வரும். அவ்வளவுதான்.

சொன்னபடி செய்தால் எண் வந்துவிடும். அந்த விஷயத்தில் நூல் நேர்மையானது. ஆனால் "இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று படிக்கிறவருக்கு இயல்பாக எழும் கேள்விக்கு அந்த அத்தியாயத்தில் பதில் இல்லை. உண்மையான பதில், "நாணய மாற்றிக்கு இது எதுவும் தேவையில்லை" என்பதுதான். விற்கிற நிறுவனமே எழுதிய பாடநூல் அதைச் சொல்லாது. வெளியிலிருந்து ராட் ஜான்சன் சொன்னார். 2002-ல் வந்த அவரது புத்தகத்தோடு சேர்ந்த நிரலில் இருந்துதான் ஸ்பிரிங் வளர்ந்தது. 2004-ல் ஈஜேபி இல்லாமலே வேலை செய்வது எப்படி என்று ஒரு முழு நூலே எழுதினார். 2006-ல் ஜாவா ஈஈ 5 வந்தபோது ஹோம் இன்டர்ஃபேஸும் காலி மெத்தடுகளும் போய், 'ஸ்டேட்லெஸ்' என்ற ஒரு அனோட்டேஷன் மிஞ்சியது. ஆகவே சிக்கலில் பெரும்பகுதி தொழில்நுட்பத்துடையது, நூலாசிரியர்களுடையது அல்ல. ஆனால் உதாரணத்தைத் தேர்ந்தெடுத்ததும் வரிசையை அமைத்ததும் அவர்கள்தான்.

வரிசைதான் என் முக்கியப் புகார். நூலின் சிறந்த உதாரணம் 'டியூக்'ஸ் பேங்க்', ஜாவாவின் சின்னமான டியூக் பெயரில் ஒரு வங்கி. ஒரு கணக்கில் பணம் எடுத்து இன்னொன்றில் போட வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுமே நடக்கக் கூடாது. எண்டர்பிரைஸ் என்ற இந்தப் பெரிய கூடாரம் எதற்காகப் போடப்பட்டது என்பது அங்கேதான் புரிகிறது. அது வருவது கடைசி அத்தியாயத்தில்! அதுவரை தாக்குப்பிடிக்கிறவர் எத்தனை பேர்?

இங்கே புதுக்கோட்டைக்கு வருகிறேன். ஒரு பாடநூல் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஏற்கெனவே யோசித்துப் பார்த்த மாவட்டம் இது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே பெரும் அலையாக நடந்தது. கல் குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டதை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். மானுடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி இந்த மாவட்டத்தை மையமாக வைத்தே 2013-ல் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். அந்த இயக்கத்தின் கற்பிக்கும் முறையில் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் தாக்கம் உண்டு: எழுத்தை 'அ'வில் தொடங்காதே, படிக்கிறவரின் வாழ்க்கையில் கனமுள்ள சொல்லில் தொடங்கு. பிரேசிலில் ஃப்ரெய்ரே எடுத்துக்கொண்ட சொற்களில் ஒன்று 'செங்கல்'.

அந்த அளவுகோலில் டாலர்–யென் மாற்றி எத்தனை மதிப்பெண் வாங்கும்? இலுப்பூரிலோ அறந்தாங்கியிலோ இருந்து வருகிற மாணவிக்கு யென் தெரியாது என்பதல்ல என் வாதம், தெரிந்துகொள்வார். அந்தப் பெருக்கலில் அவருக்கு எதுவும் பணயமில்லை என்பதே வாதம்.

மாற்றாக என்ன வைக்கலாம்? பட்டா மாறுதல். ஒரு ஏக்கரில் நாற்பது சென்ட்டை விற்கிறார்கள். உட்பிரிவு செய்ய வேண்டும். பழைய பட்டாவில் நாற்பது சென்ட் குறைய வேண்டும், புதிய பட்டாவில் நாற்பது சென்ட் ஏற வேண்டும். முதல் பாதி மட்டும் நடந்து மின்சாரம் போனால் நாற்பது சென்ட் நிலம் காற்றில் போச்சு! டிரான்சாக்ஷன் என்றால் என்ன என்று அதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

மற்றவையும் இதிலேயே இருக்கின்றன. இ-சேவை மையத்தில் பாதி நிரப்பிய விண்ணப்பம் செஷன், மூடினால் போய்விடும். பதிவேட்டில் ஏறியது என்டிட்டி. சர்வர் நின்று எழுந்தாலும் இருக்கும். நில அளவர் அளந்து அறிக்கை தருவார், தாசில்தார் ஒப்புதல் தருவார்; முன்னவர் ஒப்புதல் பொத்தானை அழுத்த முடியக் கூடாது. நூலில் 'ரோல்' என்று வறண்டு வருகிற பாதுகாப்பு அத்தியாயம் இதுதான். தாலுகா அலுவலகத்தில் இணைப்பு இல்லை என்றால் விண்ணப்பம் தொலையாமல் வரிசையில் காத்திருக்க வேண்டும். இது மெசேஜ் கியூ. ஒரே உதாரணம், ஐந்து அத்தியாயம்.

தமிழில் எழுதிவிட்டால் போதுமா? மொழி ஒரு பெரிய தடை, மறுக்கவில்லை. 2012 முதல் வரும் கணியம் இதழும் 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் செய்திருப்பது சாதாரண வேலை இல்லை, து. நித்யாவின் மைஎஸ்கியூஎல் நூலில் தொடங்கி தரவுத்தளம் படித்தவர்கள் உண்டு. ஆனால் டாலர்–யென் மாற்றியை அப்படியே தமிழாக்கினால் தமிழில் ஒரு டாலர்–யென் மாற்றிதான் கிடைக்கும்.

இன்னொரு தடை வயது. ஆரக்கிள் 2010-ல் சன்னை வாங்கியது. 2017-ல் ஜாவா ஈஈ எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது. பெயர் ஜகார்த்தா ஈஈ ஆனது. 2020-ல் ஒன்பதாம் பதிப்பில் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய அதன் பேக்கேஜ் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. நூலக அலமாரியிலுள்ள பழைய நூலைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அடித்தாலும் புதிய சர்வரில் கம்பைல் ஆகாது. பெங்களூரில் என்றால் பக்கத்து மேசையில் கேட்டுவிடலாம். கேட்க ஆளில்லாத ஊரில் தனியாகப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? "எனக்குத்தான் வரல" என்று மூடிவைத்துவிடுவார். பழி நூலின் மேல் விழாது, அவர் மேல் விழும். இந்த வகைப் பாடநூலால் உண்மையில் இழக்கப்படுவது அதுதான்.

அதனால் நூலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கடைசியிலிருந்து படியுங்கள். டியூக்'ஸ் பேங்க் அத்தியாயத்தில் பணப் பரிமாற்றப் பகுதியை மட்டும் முதலில் பாருங்கள். நிரல் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு டிரான்சாக்ஷன் அத்தியாயம், அதன்பின் பாதுகாப்பு, பின்பு மெசேஜிங். நாணய மாற்றியைத் தாண்டிவிடலாம். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் 'கணக்கு' என்று இருக்கும் இடத்தில் 'பட்டா' என்று போட்டு, இன்றைய ஜகார்த்தா பதிப்பிலோ ஸ்பிரிங்கிலோ நீங்களே எழுதிப் பாருங்கள். நாற்பது சென்ட் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் ஏறுவதற்கு நடுவில் வேண்டுமென்றே ஒரு எக்செப்ஷனை எறிந்து, நிலம் பழைய பட்டாவுக்கே திரும்புகிறதா என்று சோதியுங்கள். திரும்பினால் நூலின் பாதி உங்களுக்குப் புரிந்துவிட்டது.