பனிமூட்டத்தில் ஒரு கெனன் 1500டி

காலை ஆறரை மணி. கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டம். பிரட்டு முடிந்து பெண்கள் கூடையும் படங்குமாக மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். அனுமதி கேட்டு, புதிதாகக் கைக்கு வந்த கமராவை முழுத் தானியங்கி முறையில் வைத்து அழுத்தினேன். ஃபிளாஷ் தானாக எழும்பி மின்னியது. பனித்துளிகளெல்லாம் வெள்ளைப் பொட்டுகளாக விழுந்து ஆட்களை மறைத்துவிட்டன. ஃபிளாஷை அணைத்து இன்னொன்று எடுத்தேன். பனி சாம்பலாகவும் முகங்கள் கரியாகவும் வந்தன. திரையை எட்டிப் பார்த்த ஓர் அக்கா, "என்னா தம்பி, மூஞ்சியே காணோமே" என்றார்.

அவருக்குப் பதில் சொல்லத்தான் மூன்று மாதம் இந்தக் கமராவோடு மலையேறினேன். கெனன் ஈஓஎஸ் 1500டி, 2018இல் வந்த தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர். 24.1 மெகாபிக்சல். கூடவே வரும் 18-55 மி.மீ. லென்ஸ். ஐஎஸ்ஓ 100 முதல் 6400 வரை. திரை மடங்காது, தொட்டால் வேலை செய்யாது, 4கே காணொளியும் இல்லை. படம் எடுக்கப் பழகுகிறவருக்கு இவை பெரிய குறைகள் அல்ல.

முகம் கறுத்ததற்குக் காரணம் கமராவின் ஒளிமானி. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடும். சட்டம் முழுக்க வெண்பனி நிறைந்தால், வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து குறைத்துவிடும். பனி அழுக்காகும், அதன் முன்னால் நிற்கும் மாநிறம், கறுப்பு நிற முகங்கள் இருளில் போய்விடும். சுற்றுலாப் பயணிகள் எடுத்துப் போகும் எத்தனையோ படங்களில் நம் பெண்கள் வெறும் நிழலுருவமாக, கூடையின் வடிவமாக மட்டும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மருந்து கமராவிலேயே இருக்கிறது. மேலே உள்ள வட்டை ஏவி என்ற இடத்துக்குத் திருப்புங்கள். துளையின் அளவை நீங்கள் தீர்மானிக்க, ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். பிறகு பின்பக்கம் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சக்கரத்தைக் கூட்டல் 1க்கு நகர்த்துங்கள். உள்ளே வரும் வெளிச்சம் இரட்டிப்பாகும். பனி வெண்மைக்குத் திரும்பும், முகம் தெளியும். மலைநாட்டில் கமரா பழகுகிறவர் முதலில் படிக்க வேண்டிய பொத்தான் இதுதான் என்பேன். ஐஎஸ்ஓ, துளை எல்லாம் அதற்குப் பிறகு.

கூட்டினால் ஒரு விலையும் உண்டு. மூட்டமான ஒரு காலையில் 5.6 துளை, ஐஎஸ்ஓ 400 என்று வைத்தபோது ஷட்டர் 250இல் ஒரு பங்கு விநாடி காட்டியது. கூட்டல் 1 வைத்ததும் 125இல் ஒரு பங்காக இறங்கியது. கொழுந்து பறிக்கும் விரல்கள் அந்த வேகத்துக்கு நிற்காது, கலங்கிவிடும். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்துக்குத்தான், அவர்கள் கையசைவுக்கு அல்ல. ஐஎஸ்ஓவை 800 ஆக்கியதும் பழைய வேகம் திரும்ப வந்தது. துளை, வேகம், ஐஎஸ்ஓ மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் கதை எனக்கு விளங்கியது அந்த நிரையில் நின்றபோதுதான்.

டிக்கோயாப் பள்ளத்தாக்கில் நடக்கும்போதெல்லாம் ஜூலியா மார்கரெட் கேமரன் நினைவுக்கு வருகிறார். 48 வயதில், 1863இல், மகள் கொடுத்த பரிசாக முதல் கமரா கிடைத்து, நெருக்கமான முகப்படங்களால் உலகப் புகழ் பெற்றவர். கணவரின் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875இல் வந்து, 1879இல் இந்தப் பள்ளத்தாக்கில் இறந்து, பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். ஈரம் காயுமுன் கழுவ வேண்டிய கண்ணாடித் தகடு அவருடையது. ஒரு முகத்துக்கு நிமிடக் கணக்கில் திறந்து வைப்பார். ஒளிமானி கிடையாது, கண்தான் அளவுகோல். முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அவர் தானே முடிவு செய்தார். அந்த முடிவை நாமும் இயந்திரத்திடம் விட்டுவிடக் கூடாது.

வெண்சமநிலையை மேகமூட்டம் என்ற குறிக்கு வையுங்கள். தோலில் ஏறும் நீலம் போய்விடும். குவியத்துக்கு ஒன்பது புள்ளிகள் இருந்தாலும் பனியில் நடுப்புள்ளிதான் நம்பகமானது. அதை முகத்தில் வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தபடி சட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். டெவோன் நீர்வீழ்ச்சிக்கு முக்காலியும், மாலை மங்கலில் கால் விநாடியும் போதும்.

ஈரம்தான் பெரிய எதிரி. இந்தக் கமராவுக்கு மழைத் தடுப்பு இல்லை. குளிரில் திரிந்துவிட்டு அடுப்பு எரியும் லயத்துக் காம்பராவுக்குள் நுழைந்தவுடன் கமராவை வெளியே எடுத்தேன். லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிட்டது. இப்போது வெளியிலேயே பொலித்தீன் பையில் கட்டி, உள்ளே அரைமணி நேரம் சூடேற விடுகிறேன். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைக்காவிட்டால் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும்.

மழையில் வேலை செய்கிறவருக்கும் காணொளி எடுப்பவருக்கும் இது வேண்டாம். தோட்டத்துப் பிள்ளை ஒருவர் முதல் கமராவாகப் பழைய 1500டி ஒன்றைப் பார்த்தால், லென்ஸை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பூஞ்சணம் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு தயங்காமல் வாங்கலாம். கொட்டகலை அக்காவின் படத்தை ஹட்டனில் பிரதி போட்டுக் கொடுத்தேன். நீங்களும் எடுக்கிற முகங்களுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.