ஆதாமின் அழகும் இறைவனின் சாயலும்

மைக்கேலாஞ்சலோவின் ‘ஆதாமின் படைப்பு’ நமக்குப் பழகிப்போன ஓவியம். நாட்காட்டிகளிலும் மறைக்கல்வி நூல்களிலும் அதைப் பலமுறை கண்டிருக்கிறோம். திருத்தந்தை இரண்டாம் ஜூலியஸ் பணித்தபடி, வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலய விதானத்தில் 1508 முதல் 1512 வரை அவர் தீட்டிய தொடக்கநூல் காட்சிகள் ஒன்பதனுள் இது ஒன்று. பழக்கத்தால் நாம் கேட்க மறந்த வினா ஒன்றுண்டு: மனிதர் இறைச்சாயலாய்ப் படைக்கப்பட்டனர் என்பதை இவ்வோவியம் எவ்வாறு பொருள்கொள்கிறது?

முதலில் அதன் மேன்மையைச் சொல்வோம். தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் இறைவன் மனிதனை மண்ணால் உருவாக்கி, நாசிகளில் உயிர்மூச்சை ஊதுகிறார். ஓவியரோ மூச்சை விடுத்துக் கையை எடுத்துக்கொண்டார். ஆதாமின் இடக்கை முழங்காலின்மேல் தளர்ந்து கிடக்கிறது. தந்தையின் வலக்கை விசையோடு நீள்கிறது. இரு விரல்களுக்கும் நடுவே சிறு இடைவெளி. முயற்சியெல்லாம் இறைவனுடையது, மனிதன் பெறுபவன் மட்டுமே. அருள் என்னும் உண்மையை இத்துணைச் சுருக்கமாக உரைத்த ஓவியங்கள் மிகச் சிலவே.

ஆயினும் ஒரு தயக்கம் எழுகிறது. இங்கே சாயல் என்பது உடலின் ஒப்புமையாகவே நிற்கிறது. ஆதாமோ குறையேதுமற்ற கட்டிளங்காளை. தொடக்கநூலின் முதல் அதிகாரம் இதைத்தானா சொல்கிறது? பண்டை எகிப்தில் தெய்வத்தின் உருவமெனப்பட்டவன் அரசன். துத்தன்காமூன் என்னும் பெயருக்கே ‘ஆமூனின் உயிருள்ள உருவம்’ என்பது பொருள். 1979இல் சிரியாவின் தெல் பெக்கரியேயில் கிடைத்த ஆட்சியாளன் ஒருவனின் சிலையிலும், உருவம், சாயல் என்னும் எபிரேயச் சொற்களுக்கு இனமான அரமேயச் சொற்களே அச்சிலையைச் சுட்டுகின்றன. அரசர்க்குரிய அச்சொற்களைத் திருநூல் ஆண், பெண் என மானிடர் அனைவர்க்கும் உரிமையாக்கியது. ஆகவே சாயல் என்பது மேனியின் வனப்பன்று. எவராலும் பறிக்கவியலாத மாண்பு. ஓவியத்தில் பெண் எங்கே? தந்தையின் இடக்கை அணைப்பில் ஒரு பெண் தோன்றுகிறாள். அவளை ஏவாள் என்பர் பலர். ஞானத்தின் உருவம் என்பாரும் உளர். ஏவாளேயாயினும், தன் முறைக்காகக் காத்திருப்பவளாகவே அவள் இருக்கிறாள். முதல் அதிகாரமோ அத்தகைய காத்திருப்பை அறியாது.

இக்குறையை ஓவியரின் முதுமையே ஒருவாறு நிறைவு செய்தது எனலாம். 1564இல், தம் 88ஆம் வயதில் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்புவரை அவர் செதுக்கிய ‘ரொண்டானினி பியேத்தா’ இன்று மிலான் நகரில் உள்ளது. அதில் திரண்ட தோள்கள் இல்லை. மெலிந்து தளர்ந்த மகனும் அவரைத் தாங்கும் தாயும் ஒரே கல்லில் ஒன்றிக் கரைகின்றனர். காணவியலாத கடவுளின் சாயல் கிறிஸ்துவே என்று கொலோசையர் திருமுகம் போதிக்கிறது. அச்சாயலைக் காண நாம் நிற்க வேண்டிய இடம், வனப்பெல்லாம் இழந்த இவ்வுடலின் முன்பன்றோ?

இது கலையைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. எவர் மேனியில் சாயலைக் காண்கிறோம், எவர் மேனியில் காண மறுக்கிறோம் என்பது நம் பங்குகளின் வழக்குமாகும். சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்று இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிவித்தது. அதன் பின்னும், இறந்தோரைச் சாதியால் பிரிக்கும் கல்லறைச் சுவர்களைப் பொறுத்துக்கொள்ளும் நாம், விதானத்து ஆதாமைப் புகழ்வதில் பயன் என்ன? அவ்விரல்களின் இடைவெளியைக் கடக்க இறைவன் கை நீட்டுகிறார். சுவரோ நாம் எழுப்பியது. அதை அகற்றும் கடனும் நம்முடையதே.