காமன் பொட்டலும் கைபேசித் திரையும்

மலையகத்திலே ஆசிரியர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஒரு குறை தவறாமல் ஒலிக்கிறது. "பிள்ளைகள் கெட்டுப் போனார்கள். சினிமா கெடுத்தது, தொலைக்காட்சி கெடுத்தது, எஞ்சியதைக் கைபேசி கெடுத்துக்கொண்டிருக்கிறது" என்பதே அக்குறை. குறை சொன்ன வாயே மருந்தும் சொல்கிறது: "கோயிலுக்கு வரச் சொல்லுங்கள், கூத்தை மீட்டெடுங்கள், பண்பாடு திரும்பினால் பையனும் திரும்புவான்." நோயைப் பற்றிய இம்முடிவும், மருந்தைப் பற்றிய இந்நம்பிக்கையும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஏன் என்பதைக் காரணத்தோடு சொல்ல முயல்கிறோம்.

முதலில் கூத்தையே எடுத்துக்கொள்வோம். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்னும் மூன்றும் தென்னாட்டிலிருந்து கடல் கடந்து வந்த மக்கள் தம்முடன் கொண்டுவந்த செல்வங்கள். இவற்றுள் காமன் கூத்தே தோட்டம் முழுவதையும் மேடையாக்கிக்கொள்வது. மாசி மாதத்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றப்படுகிறது. அன்று முதல் ரதியும் மதனும் தப்பொலியுடன் லயம் லயமாக வருகிறார்கள். இறுதி இரவில் காமன் பொட்டலில் சிவனின் நெற்றிக்கண் திறக்கிறது, மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், பின்னர் அவன் உயிர்த்தெழுகிறான். பகலிலே கவ்வாத்துக் கத்தி பிடித்த கை இரவிலே கரும்பு வில் பிடிக்கிறது. பகல் முழுதும் பெயர்ப் பதிவேட்டில் ஓர் எண்ணாக இருந்தவன் இரவிலே தேவனாகிறான். இளைஞனுக்கு இக்கூத்து வழங்கிய பெருங்கொடை இதுவே: தோட்டத்திலே அவன் தனக்கென்று, தன்னவரோடு சேர்ந்து, ஒன்றைப் படைத்த நேரம் அது ஒன்றுதான்.

கதையின் உட்பொருளும் சிந்திக்கத்தக்கது. சிவனின் தவத்தைக் கலைக்க வேண்டியது தேவர்களின் தேவை. அதற்காக ஏவப்படுபவன் மதன். ரதி தடுக்கிறாள், வாதாடுகிறாள், மன்றாடுகிறாள், அவன் போகிறான். தேவை தேவர்களுடையது, எரிவது இளைஞன், அழுவது அவன் மனைவி. தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய இலாபத்துக்காக ஏவப்பட்ட ஒரு சமூகம், ரதியின் புலம்பலை விடியும்வரை விழித்திருந்து கேட்டதில் வியப்பென்ன? புராணக் கதையைக் கேட்டவர்கள் அதிலே தம் கதையையும் கேட்டிருக்க வேண்டும் என்றே நாம் எண்ணுகிறோம். இன்று கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடா நாட்டு வீடுகளுக்கும் மகனையும் மகளையும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் லயத்து முற்றத்திலும் அப்புலம்பல் அந்நியமாக ஒலிக்காது.

எனினும், கூத்தின் பெருமையைச் சொல்பவர்கள் அதன் சிறுமையை மறைத்தல் ஆகாது. தப்பின்றிக் காமன் கூத்தில்லை. ஆனால் தப்படிப்பது ஒரு சாதியாரின் கடமை என்ற நியதியும் அதே கப்பலில் ஏறி வந்தது. விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு. சாவு வீட்டில் முழங்கியதும் தப்பு. சாதியும் துரைத்தனமும் ஒன்றுசேர்ந்து அந்தத் தோற்கருவியின் மேல் ஏற்றி வைத்த இழிவு சிறிதன்று. பள்ளிப் படிப்பு முடித்த இளைஞன் ஒருவன் "நான் தப்பைத் தொடமாட்டேன்" என்று சொல்லும்போது, அவனைச் சினிமா கெடுத்துவிட்டது என்று பேசுவது எத்தனை பெரிய அநீதி! அவன் வெறுப்பது இசையை அல்ல. தன் தலையிலே எழுதப்பட்ட இழிவை. அந்த மறுப்பிலே மானம் இருக்கிறது. பண்பாட்டை மீட்பதாகச் சொல்லி அந்த மானத்தை அவனிடமிருந்து பறிக்க நமக்கு உரிமையில்லை.

பெண்ணின் நிலை இதனினும் கேடானது. ரதியின் துயரை நடிப்பது வழக்கப்படி ஆணுக்கே உரியது. மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிப்பவள் அவள். தோட்டத்தின் இலாபத்தைக் கூடையிலே சுமப்பவள் அவள். அவளுடைய புலம்பலைப் பாட மட்டும் ஓர் ஆண் சேலை கட்டி வர வேண்டும்! என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' நம் இலக்கியத்தில் ஏன் நிலைபெற்றது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கொழுந்து பறிக்கும் இளம்பெண்ணின் உழைப்பையும் தன்மானத்தையும் கதைப்பொருளாக்கியதால் அது நிலைத்தது. கூத்து அவளுக்குத் தராத இடத்தைச் சிறுகதை தந்தது.

இனி நம்பிக்கையைப் பார்ப்போம். மதம் என்றவுடனே இருட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. அத்தகைய எளிமை நமக்கு உதவாது. மலையக மக்கள் வணங்கிய தெய்வங்களின் பெயர்களையே கேளுங்கள்: ரோதைமுனி, கவ்வாத்துச் சாமி, கொழுந்துச் சாமி. ரோதை என்பது தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரம். கையை நசுக்கக்கூடிய அந்தச் சக்கரத்துக்கு ஒரு முனியைக் காவலாக நிறுத்தினார்கள். கவ்வாத்துக் கத்தி காலில் பாயாதிருக்க ஒரு சாமியை வேண்டிக்கொண்டார்கள். ஆகமங்கள் அறியாத இத்தெய்வங்கள் உழைப்பின் அச்சத்திலே பிறந்தவை. உடலுக்குப் பாதுகாப்பும் காயத்துக்கு மருத்துவமும் தராத ஒரு முறைமையின் கீழ், அச்சம்தான் இவ்வாறு தெய்வமாயிற்று. இத்தெய்வங்களைப் படைத்தவன் தொழிலாளி, பூசாரியும் அவனே.

இன்று நிலைமை மாறி வருகிறது. நுவரெலியாவுக்கு அருகே சீதா எலியவிலும், சின்மயா மிஷன் எழுப்பிய றம்பொடை அனுமார் கோயிலிலும் யாத்திரிகர் கூட்டம் பெருகுகிறது. இராமாயணத் தடம் என்ற பெயரிலே சுற்றுலாத்துறை இவ்விடங்களை வெளிநாட்டாருக்கு விளம்பரம் செய்கிறது. பக்தரின் பக்தியை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறோம்: இந்தப் பெருஞ்சமயத்திலே தோட்டத்து இளைஞனின் இடம் எது? அவன் வாகனம் ஓட்டுகிறான், வழி காட்டுகிறான், தேநீர் விற்கிறான். அவனுடைய தேயிலைச் சரிவு வந்தவர்களின் புகைப்படத்துக்குப் பின்திரையாகிறது. அவன் பாட்டன் படைத்த ரோதைமுனியைத் தேடி வருவாரில்லை. தன் தெய்வத்தைத் தானே படைத்தவன், பிறருடைய தெய்வத்தின் வாசலில் சிப்பந்தியாகிறான்.

அடுத்து ஒலியும் திரையும். வானொலியும் சினிமாவும் மலையகத்துக்கு எந்தக் காலத்தில் நெருங்கி வந்தன என்பதை மறந்து அவற்றை எடைபோட முடியாது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பிறகு பார்க்கலாமென்று ஒதுக்கி வைத்தது. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றதோ 1970களில்தான். நாடும் வாக்கும் நல்ல பள்ளியும் இல்லாத இளைஞனுக்குத் தமிழ்ப் படத்தின் நாயகன் இரண்டரை மணி நேரமாவது ஒரு நாட்டைத் தந்தான். அந்த நாட்டிலே ஏழை வென்றான், முதலாளி மண்டியிட்டான். அவன் அங்கே ஓடியதற்காக அவனைப் பழிப்பதைவிட, அவனுக்கு வேறு நாடு தராதவர்களைப் பழிப்பதே நேர்மை.

ஆயினும் அந்தத் திரையில் அவனுடைய லயம் இல்லை. அவனுடைய பேச்சு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க எழுந்த முயற்சிகளில் ஒன்று 1975 இல் வந்த 'புதிய காற்று'. தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த அப்படத்துக்குக் கதை தந்தவர் தெளிவத்தை ஜோசப். தோட்டத்தின் கதையைத் தோட்டத்தை அறிந்தவர்களே திரையில் சொல்லத் துணிந்தார்கள். முதலும் சந்தையும் தமிழகப் படங்களின் பக்கமே இருந்ததால் அத்துணிவு ஒரு மரபாக வளரவில்லை. இழப்பு நம்முடையது.

தமிழகத்துத் திரை தேயிலையைத் தொடும்போது என்ன நிகழ்கிறது? இயக்குநர் பாலாவின் 'பரதேசி' (2013) இதற்கு உதாரணம். டேனியலின் 'ரெட் டீ' நாவலைத் தழுவி, 1930களின் தென்னிந்தியத் தோட்டக் கொடுமையை அது காட்டுகிறது. கங்காணியின் வஞ்சகமும், கொள்ளை நோயும், கடனும் அதிலே உண்மையாக வருகின்றன. ஆனால் முடிவு? ஓலத்திலே தொடங்கிய படம் ஓலத்திலேயே நிற்கிறது. அந்தக் காலகட்டத்தையொட்டி இலங்கைத் தோட்டங்களில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். துணி வியாபாரியின் வேடத்தில் தோட்டத்துக்குள் நுழைந்து தொழிலாளரைச் சந்தித்தவர் கோ. நடேசய்யர். பத்திரிகை நடத்தி, சங்கம் கட்டி, 1936 இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை தொழிலாளரின் நிலையைப் பாட்டாக எழுதி, கூட்டங்களில் தாமே பாடினார். மக்கள் நாவில் பழகிய மெட்டுக்களில் புதிய சொற்களை ஏற்றினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்குப் பலியானபோது, மலையகம் அழுததோடு நில்லாமல் போராடவும் செய்தது. அழுகையை மட்டும் கண்டு போராட்டத்தைக் காணாத கலை பாதி உண்மையைச் சொல்லும் கலை. பாதி உண்மையைப் பார்த்து வளரும் இளைஞன், தன் முன்னோர் வெறும் பரிதாபத்துக்குரியவர்கள் என்று நம்பிவிடுகிறான்; பிறகு அவர்களைப் பற்றி வெட்கப்படவும் தொடங்குகிறான். "தோட்டக்காட்டான்" என்ற வசைச்சொல் அவனைச் சுடுவதற்கு இந்த வெட்கமும் ஒரு காரணம்.

கடைசியாகக் கைபேசி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறைக்குள் உலகமே நுழைந்துவிட்டது என்பது மெய். அதே கைபேசிதான் 2018 ஒக்டோபர் 24 ஆம் நாள் வேறொரு வேலையும் செய்தது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் கேட்டுத் தோட்டங்கள் குமுறிய காலம் அது. கொழும்பிலே கடைச் சிப்பந்திகளாகவும் உணவகப் பணியாளர்களாகவும் உழைக்கும் மலையக இளைஞர்கள், முகநூல் வழியே ஒருவரையொருவர் அழைத்து, கறுப்பு உடை அணிந்து காலிமுகத்திடலில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கெட்டுப் போனவர்கள் என்று எவரைச் சொன்னோமோ அவர்களே தம் தாய்மாரின் கூலிக்காக வந்து நின்றார்கள்! அந்த 1,000 ரூபாய் 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபையின் வழியே சட்டமாயிற்று. கம்பெனிகள் வழக்காடின, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டிவிட்டார்கள் என்று பல தோட்டங்களில் தொழிலாளர் முறையிட்டார்கள். ஒரு நாள் கூட்டம் எல்லாவற்றையும் மாற்றிவிடாது என்பதையும் அந்த இளைஞர்கள் இதிலே கற்றிருப்பார்கள்.

மறுநாள் அதே கைபேசியில் அதே இளைஞன், யாரோ எழுதிய சினிமா வசனத்துக்கு வாயசைத்துத் தன்னைத் தானே படம்பிடித்துக் கொண்டிருக்கலாம். கருவி ஒன்றே, அதன் முன்னே அவன் நிற்கும் நிலைதான் வேறு. ஆகவே பழையது நல்லது, புதியது தீயது என்று பிரிப்பதிலே பயனில்லை. கூத்தாயினும், கோயிலாயினும், திரையாயினும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நம் இளைஞனைப் பிறரோடு சேர்ந்து படைப்பவனாக்குகிறதா, தனித்திருந்து பார்ப்பவனாக்குகிறதா? காமன் கூத்து அவனைப் படைப்பவனாக்கியது. ஆனால் சாதி பார்த்து, ஆண் பெண் பார்த்து ஆக்கியது. சினிமா சாதி பாராமல் எல்லாரையும் உள்ளே விட்டது. ஆனால் எல்லாரையும் பார்ப்பவர்களாகவே உட்காரவைத்தது. கைபேசி இரண்டுக்கும் வாய்ப்பளிக்கிறது. அதன் ஆதாயமோ தொலைதூரத்துக் கம்பெனிகளுக்குப் போகிறது.

இங்கே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலை இருக்கிறது. பாடசாலை மேடையில் காமன் கூத்தை ஏற்றுங்கள். ஆனால் ரதியைப் பெண்பிள்ளையே பாடட்டும். தப்பை எல்லாச் சாதிப் பிள்ளைகளின் கையிலும் கொடுங்கள்; முதலில் ஆசிரியர் தம் தோளில் மாட்டிக்கொள்ளட்டும். இழிவு சுமத்தப்பட்டவன் மட்டும் மீண்டும் அதைச் சுமக்க வேண்டுமென்று கேட்காதீர்கள். சி. வி. வேலுப்பிள்ளை நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தாரே, அவ்வேலையை மாணவன் தன் பாட்டியிடமிருந்து தொடங்கட்டும். கைபேசி அதற்குப் பயன்படட்டும். 2023 இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தவர்கள், முன்னோர் காடும் நோயும் கடந்து வந்த வழியைக் காலால் அளந்து அறிந்தார்கள். அத்தகைய அறிவைக் கோயில் உற்சவமோ திரைப்படமோ தனித்துத் தந்துவிடாது.

மதன் எரிந்தான், கூத்து அத்துடன் முடிவதில்லை. அவன் எழுவதையும் பார்த்த பின்னரே மக்கள் பொட்டலை விட்டுப் போகிறார்கள். நம் இளைஞர்களைப் பற்றிப் பேசும்போது எரிந்ததை மட்டுமே பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். எஞ்சிய பகுதியையும் அவர்களோடு இருந்து முடிக்கும் கடமை நமக்கு உண்டு.