தம்பிரானும் கூட்டாளியும்

இலங்கையின் சப்ரகமுவப் பகுதித் தெரணியகலையில் ரப்பர் மலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே எழுந்துவிடுகிறார்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நகத்தால் உரித்தெடுத்துவிட்டு, அதற்குக் கீழே பட்டையைச் சாய்வாக, மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது. சிரட்டைக்குள் வெள்ளைக் கோடு இறங்கத் தொடங்கியதும் அடுத்த மரம். இரண்டு மரங்களுக்கு நடுவே கைக்கு வேலையில்லாத சில அடிகள் உண்டு. அந்த அடிகளில்தான் ஓர் அக்கா பேசிக்கொண்டே நடந்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"யாரோட பேசுறீங்க அக்கா?"

"ஏசுவோடதான் தம்பி. மழைய கொஞ்சம் புடிச்சு வையப்பான்னு சொல்லிக்கிட்டு வாறேன். செரட்டையில தண்ணி விழுந்தா இன்னிக்குப் பேரு போயிரும்."

பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். ஆண்டவரிடம் இப்படியா பேசுவது என்று நான் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்க வேண்டும். "அவரு நம்ம கூட்டாளி தம்பி" என்றார் அவர், கத்தியை மரத்திலிருந்து எடுக்காமலே.

கூட்டாளி. தமிழகத்தில் இந்தச் சொல் வியாபாரப் பங்காளியையோ குற்றத்துக்கு உடந்தையானவனையோ குறித்துவிடும். இலங்கையில் அது நண்பன். கூட விளையாடியவன், கூட வேலைக்கு வருபவன். கடவுளை அந்தச் சொல்லால் அழைக்கும் உரிமை தமிழ்க் கிறிஸ்தவனுக்கு எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது என்று நான் தேடத் தொடங்கியது அந்த மரத்தடியிலிருந்துதான்.

இந்தியாவில் அச்சேறிய முதல் தமிழ் நூல் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அன்றீக்கு அடிகளார் போர்த்துக்கீசிய மறைக்கல்வி நூல் ஒன்றைத் தழுவிச் செய்த 16 பக்கச் சிறுநூல். தலைப்பிலுள்ள இரண்டு சொற்களையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். கடவுள் தம்பிரான், மனிதனுக்கு அவரிடம் உள்ளது வணக்கம். ஆனால் அதே 'தம்பிரான்' என்ற சொல்லோடு வேறொரு சொல்லைத் தமிழ் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கோத்து வைத்திருந்தது. சுந்தரமூர்த்தி நாயனாருக்குப் பெயர் 'தம்பிரான் தோழர்'. பரவையாரின் ஊடலைத் தீர்க்கச் சிவனையே தூது அனுப்பியவர் அவர்; கண் போனபோது சிவனிடமே உரிமையோடு சண்டை பிடித்தவர். தாசமார்க்கம், சற்புத்திரமார்க்கம், சகமார்க்கம், சன்மார்க்கம் என்று சைவம் வகுத்த நான்கில் தோழமைக்குத் தனி இடமே உண்டு. தமிழ்க் காது பழகிய உறவு இது. இருந்தும் கிறிஸ்தவத் தமிழ் வணக்கத்திலிருந்து தோழமைக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

பெரிய நூல்களைப் புரட்டினால் இது தெரியும். வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கு நாயகன் சூசை. அங்கே இறைவனை நெருங்கும் வழி வளர்ப்புத் தந்தையின் கை. வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் ஆன்மா தேவமோகினி என்னும் காதலி. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பன்யனின் கதையைத் தழுவி 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகத்தில் பக்தன் ஒரு வழிப்போக்கன். தந்தை, காதலி, யாத்திரிகன் என்று மூன்று உறவுகள் காவியமாயின. தோழன் எங்கோ ஓரத்தில்தான் நின்றான்.

இலங்கையில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. கோவாவிலிருந்து வந்த யோசேவாஸ் முனிவர், டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687இல் யாழ்ப்பாணத்தில் மறைவாகக் கரையேறியவர். கண்டியில் 1697இல் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்டுக் கிடந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தவர். அவர் வழியில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் ஒருவர் இழுத்து வாசிக்கக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அது கேட்பவரை வழிபட நிறுத்துவதில்லை, துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார வைக்கிறது. நட்பு என்ற சொல்லைச் சொல்லாமலே நட்பின் வேலையைச் செய்த நூல் என்று அதைத்தான் முதலில் வைப்பேன்.

தோட்டங்களுக்குச் சுவிசேஷம் வந்தபோது அதனோடு வேறொரு சிக்கலும் வந்தது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்கு ஆங்கிலிக்கத் திருச்சபையின் சி.எம்.எஸ். அமைப்போடு தோட்டத் துரைமாரும் கைகொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்ந்த மனிதனுக்கு மேலே ஏற்கெனவே கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று ஏணி நின்றது. கர்த்தர், ஆண்டவர், எஜமான் என்று மட்டும் கடவுளை அறிமுகப்படுத்தினால், அந்த ஏணியில் இன்னும் ஒரு படி கூடியதாகத்தானே அவன் கேட்டிருப்பான்?

யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரம் இந்த இடத்தில்தான் கூர்மையாகிறது. சீடரை இனி வேலைக்காரர் என்று சொல்வதில்லை, நண்பர் என்கிறேன் என்று இயேசு அங்கே சொல்கிறார், காரணமும் சொல்கிறார். எஜமான் என்ன செய்கிறான் என்பது வேலைக்காரனுக்குத் தெரியாது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. எந்த மலைக்குப் போவது, எத்தனை கிலோ, எதற்கு அரைப்பேர் என்று எதுவும் அவர்களிடம் கேட்டு முடிவானதில்லை. 1948இல் குடியுரிமை பறிபோனதும் 1964இல் இந்தியா, இலங்கை என்ற இரண்டு அரசாங்கங்கள் தலைகளைப் பங்கிட்டுக்கொண்டதும் அவர்களிடம் கேட்டு நடந்தவை அல்ல. தன் மனதிலுள்ளதை மறைக்காமல் சொல்லுகிறவனே நண்பன் என்ற அந்த விளக்கம், உலகில் வேறெங்கையும்விட ஒரு தோட்டத்தில் அதிகம் கனக்கும்.

பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் 'சிநேகிதர்' என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் 'நண்பர்' என்றது. இரண்டும் நல்ல சொற்கள். லயத்தில் இரண்டுமே புத்தகச் சொற்கள்.

மேலைநாட்டில் கடவுளோடு நட்பு என்பது தத்துவச் சிக்கலாகவே இருந்தது. மனிதனுக்கும் தெய்வத்துக்கும் இடைவெளி மிகப் பெரிது, அங்கே நட்புக்கு இடமில்லை என்றார் அரிஸ்டாட்டில். அவரைக் குருவாகக் கொண்ட தாமஸ் அக்குவினாஸ், இந்த ஒன்றில் அவரைத் தாண்டி, இறையன்பு என்பதே மனிதன் கடவுளோடு கொள்ளும் நட்புதான் என்று 13ஆம் நூற்றாண்டில் எழுதினார். அவிலா தெரேசாவோ, ஜெபம் என்பது நம்மை நேசிப்பவரோடு தனித்திருந்து பேசும் நட்புப் பேச்சு என்று விளக்கினார். நமக்கு அந்த இடைவெளி அவ்வளவு மலைப்பாகத் தோன்ற வேண்டியதில்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் சந்தித்ததே இல்லை. ஆனாலும் சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் வந்து சேர்ந்தார். காணாத ஒருவரோடு நட்பு முடியும் என்பதற்குத் தமிழனுக்கு வேறு சாட்சி வேண்டாம். வள்ளுவர் நட்புக்குக் கொடுத்த ஐந்து அதிகாரங்களில் ஒன்று 'பழைமை'. பழகிய நண்பன் கேட்காமலே உரிமை எடுத்துக்கொள்வதைப் பொறுப்பது மட்டுமல்ல, விரும்புவதும் நட்பு என்பது அதன் சாரம். மழையைப் பிடித்து வையப்பா என்பது அந்தப் பழைமைதான்.

இந்தத் துறையில் ஒரே ஒருவரைத்தான் படிக்க முடியும் என்றால், பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமியைச் சொல்வேன். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக வைத்து 1927இல் அவர் எழுதிய ஆங்கில நூல் யோவான் நற்செய்தியை ஆழ்வார், நாயன்மார் வழியில் வாசித்தது. கடவுளோடு ஒன்றாவது என்றால் கரைந்துபோவது அல்ல, இருவர் இருவராகவே இருந்து அன்பிலும் சித்தத்திலும் ஒன்றுவது என்றார். இருவர் இல்லாமல் நட்பு ஏது? அப்பாசாமி கீழ்ப்படிதலையும் விட்டுவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஏசுதாசனும் பேட்டனும், தமிழரும் ஸ்காட்லாந்துக்காரருமாக, ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து காட்டியது இந்த நட்பின் இன்னொரு பக்கம்.

ஆனால் லயங்களுக்கு இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவை நூல்கள் அல்ல, பாட்டுகள். அயர்லாந்தில் பிறந்து கனடாவில் வாழ்ந்த ஜோசப் ஸ்கிரிவன் 1855இல் இயேசுவை நண்பர் என்று எழுதிய பாட்டு தமிழில் வந்தபோது, நண்பருக்கு முன்னால் பிராணனைச் சேர்த்துக்கொண்டு 'பிராண நண்பர்' என்றது. மூலத்தைவிட அது ஒரு படி நெருக்கம். பிறகு பெந்தெகொஸ்தே சபைகள். பிறகு பெர்க்மான்ஸ் அடிகளின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள், ஒலிநாடா வழியாக. அச்சிட்ட ஜெபங்களில் இருந்த 'நீர்' இந்த அலையில் 'அப்பா' ஆனது. இதை நான் மனதார வரவேற்கிறேன். ஒரு கவலையும் உண்டு. மேடையில் கேட்கும் நட்பு பல நேரம் ஒருவழிப் பாதை: வீசா கொடுப்பார், வீடு கொடுப்பார், வியாதி தீர்ப்பார். அவர் நம்மிடம் ஏதாவது கேட்பாரா என்ற கேள்வி எழுவதே இல்லை. கேட்டதையெல்லாம் கொடுப்பவன் நண்பன் அல்ல, அவன் முதலாளி. தோட்டத்துக்கு இன்னொரு முதலாளி தேவையில்லை.

சப்ரகமுவவில் கூட்டாளி என்ற சொல்லுக்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் லயங்கள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. கூடப் படித்தவன் கும்பலோடு வந்த கதையும் இங்கே உண்டு, கூடப் படித்தவன் தன் வீட்டுக்குள் ஒளித்துவைத்துச் சோறு போட்ட கதையும் உண்டு. யார் கூட்டாளி என்பதை ஓர் இரவில் கற்றுக்கொண்ட மக்கள், கடவுளுக்கு அந்தச் சொல்லைச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்ததுபோல, இந்த மரத்தடி ஜெபங்களையும் யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு போய்ச் சேகரிக்க வேண்டும். அப்பாசாமி தேடியது அங்கே பேச்சுத் தமிழில் கிடக்கிறது.

அன்று மழை பொறுத்திருக்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் சீதாவாக்கை ஆற்றுப் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. சிரட்டைகளில் பாலும் தண்ணீரும் கலந்து வழிந்தன. அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்தார்.

"என்னக்கா, அவரோட பேச்சு இல்லையா?"

"இன்னிக்கு இல்ல" என்றார். "அவருக்கே தெரியும், ஏன்னு."

மறுநாள் விடியற்காலையில் மேட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. முதல் மரத்தில் ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தார்.

"சரி, வா. நேத்து என்னதான் நடந்துச்சு, சொல்லு."